பதினாறாவது தூண்

14 பிப்ரவரி, புதன்

சாம்பல் புதன். காலை ஆறு மணிப் பூசையில் சாம்பல் பூசிக்கொண்டேன். இன்று ஒருசந்தி. மதியம் ரசம் சோறு மட்டும்.

தவக்காலத்துக்கென்று புது நோட்டு. முதல் பக்கத்தில் ம. பிரகாசியம்மாள் என்று பெயர் எழுதி, நாற்பது நாளுக்குப் பக்கங்களைக் கோடு போட்டு வைத்தேன். இடப்பக்கம் செபக் கணக்கு, வலப்பக்கம் வீட்டுக் கணக்கு, கீழே மீதி இடத்தில் மனதில் தோன்றுவது. நான் பள்ளிக்கூடம் போனவள் இல்லை. என் மகள் பெனிட்டா முதல் வகுப்பில் சேர்ந்தபோது அவள் பக்கத்தில் உட்கார்ந்து நானும் எழுத்துக் கூட்டினேன். அவள் ஐந்தாவது முடிப்பதற்குள் செபப் புத்தகம் முழுவதும் எனக்குப் படிக்க வந்துவிட்டது. கணக்கு எழுதும் பழக்கமும் அப்போது வந்ததுதான்.

ஸ்கேல், என் கணவர் துறைமுக ஆபீசிலிருந்து கொண்டுவந்த மர ஸ்கேல். இரண்டாவது அங்குலத்தில் ஒரு பள்ளம் இருக்கிறது. ஏழு வயதில் பெனிட்டா பிளேடால் சீவிப் பார்த்தது. அன்றைக்கு அதே ஸ்கேலால் அவளை அடித்தேன். அதன்பிறகு நான் போடுகிற எல்லாக் கோடும் அந்த இடத்தில் கொஞ்சம் இறங்கி ஏறும். வேறு ஸ்கேல் வாங்கத் தோன்றவில்லை.

அவள் போய் இன்றோடு எண்பத்தாறு நாள்.

16 பிப்ரவரி, வெள்ளி

செபமாலை மூன்று. மாலை கோயிலில் சிலுவைப்பாதை, பதினான்கு ஸ்தலத்திலும் முழந்தாளிட்டு.

மதியம் தணிகாசலம் வந்தார். பெனிட்டாவின் வீட்டுக்காரர். டைல்ஸ் பதிக்கிற வேலை. வாசலிலேயே நின்று ஒரு துணிப்பையை நீட்டினார்.

“அத்தை, அவ துணிமணி கொஞ்சம். உங்ககிட்ட இருக்கட்டும்னு.”

வாங்கிக்கொண்டேன். உள்ளே வாருங்கள் என்று சொல்ல வாய் எடுத்தேன், வரவில்லை. தண்ணீர் கொடுத்தேன். நின்றபடியே குடித்தார். விரல் நகத்தில் வெள்ளை சிமென்ட் காய்ந்திருந்தது.

“ஒரே ஒரு தடவ அந்த மெட்ரோ ஸ்டேஷன போய்ப் பாருங்க அத்தை. ரெண்டு வருஷமா அவ அதுலதான் கெடந்தா. தொறக்கறப்போ உங்களுக்குப் பத்திரிகைகூட அனுப்பிச்சா.”

“பார்க்கலாம்,” என்றேன்.

பத்திரிகை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியும். பீரோவில், கோயில் குடும்ப அட்டைக்குக் கீழே. உறை பிரிக்கவில்லை.

அவர் போனபிறகு பையைப் பார்த்தேன். நான்கு சேலை, மூன்று சுடிதார், ஒரு கம்பளிச் சட்டை. செபமாலை இல்லை. இரண்டு முறை தேடினேன்.

17 பிப்ரவரி, சனி

போனேன்.

மூன்றாவது நிறுத்தம். நகரும் படிக்கட்டில் கால் வைக்கப் பயந்து, கல்படியில் இறங்கினேன். தரைக்குக் கீழே அவ்வளவு பெரிய கூடம் இருக்கும் என்று நினைக்கவில்லை. கார்டை வைத்துக் கதவு திறந்து உள்ளே போனதும் தூண்கள், இரண்டு வரிசையாக. ஒவ்வொரு தூணையும் என் இடுப்பு உயரத்திலிருந்து கைக்கு எட்டாத உயரம்வரை சின்னச் சின்னக் கல்லால் போர்த்தியிருக்கிறார்கள். கண்ணாடித் துண்டு, ஓட்டுச் சில்லு, சலவைக்கல், எல்லாம் சுண்டுவிரல் நகம் அளவு.

படம் என்று ஒன்றும் இல்லை. ஒரு முகம் இல்லை, ஒரு பூ இல்லை. நிறம் மட்டும். சிவப்பு எழும்பி வந்து பச்சைக்குள் போகிறது, பச்சை எங்கேயோ சுழன்று சாம்பல் ஆகிறது. இதற்காகவா இரண்டு வருஷம் என்று நினைத்தேன். பக்கத்தில் போன ஒரு இளம்பெண் தன் தோழியிடம், “மிக்சர் கொட்டின மாதிரி இருக்குல்ல?” என்றாள். எனக்குக் கோபம் வந்தது. ஏன் வந்தது என்று தெரியவில்லை. நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பழக்கதோஷத்தில் தூண்களை எண்ணினேன். ஒரு பக்கம் ஏழு. மறுபக்கம் ஏழு.

திரும்பவும் எண்ணினேன்.

ஒவ்வொன்றிலும் நிறங்களுக்குக் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு. மற்ற கல் எல்லாம் ஓடுகிறது, வளைகிறது. அது மட்டும் நேராகப் போகிறது. பதினான்கு தூணிலும்.

மரம். சிலுவை மரம். பதினான்கு ஸ்தலம்.

பெஞ்சில் உட்கார்ந்துவிட்டேன். கோயிலுக்கு வராதவள், ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் செய்தவள், யாருக்கும் சொல்லாமல் பூமிக்கு அடியில் ஒரு சிலுவைப்பாதை செய்து வைத்துப் போயிருக்கிறாள்.

18 பிப்ரவரி, ஞாயிறு

இன்று பூசையில் மனம் அழுத்தமில்லாமல் இருந்தது. எண்பத்தாறு, எண்பத்தேழு என்று எண்ணிக்கொண்டிருந்ததை நிறுத்தினேன். செபமாலை ஐந்து.

21 பிப்ரவரி, புதன்

தினமும் பதினொரு மணிக்குச் சமையலை முடித்துவிட்டுப் போகிறேன். ஒவ்வொரு தூணின் முன்னும் நின்று அந்தந்த ஸ்தலத்துக்குரிய செபத்தை மனதுக்குள் சொல்கிறேன். முழந்தாளிட வேண்டும். பொது இடம். அதனால் செருப்பு வாரைச் சரிசெய்வதுபோல் குனிந்து ஒரு முழங்காலைத் தரையில் தொட்டு எழுகிறேன்.

இன்று காவலுக்கு இருக்கும் பெண் வந்து நின்றாள். சட்டையில் சுகுணா என்று இருந்தது. முப்பத்தைந்து வயது இருக்கும்.

“இன்னாம்மா, உன் செருப்பு பதினாலு தூண்லயும் அந்து போவுதா?”

செருப்பு வாரை இழுத்துவிட்டேன்.

“அஞ்சு நாளா பாக்கறேன். உள்ள வர்ற, வண்டி ஏற மாட்ற, வெளிய போற. யாருக்காச்சும் வெயிட் பண்றியா?”

“இது என் மகள் செய்தது,” என்றேன்.

அவள் தூணைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “அத்த மொதல்லயே சொல்லக் கூடாதா? நான் இன்னாவோ ஏதோன்னு பயந்துட்டேன். பாரு, உள்ள ரொம்ப நேரம் நின்னா மிஷினு ஃபைன் போட்ரும். ஒரு சைடு முட்ச்சுட்டு வெளிய வந்து, தண்ணி குட்ச்சுட்டு, திரும்ப கார்டு வெச்சு உள்ள போ.”

அதன்படியே இனி செய்வது. ஏழு ஸ்தலம், வெளியே, தண்ணீர், மீதி ஏழு.

26 பிப்ரவரி, திங்கள்

சிலிண்டர் மாற்றினேன். போனது ஐம்பத்தாறு நாள் வந்திருக்கிறது.

தூண்களை ஒவ்வொன்றாக ஸ்தலத்தோடு பொருத்தி எழுதிவருகிறேன். மூன்றாவதில் சிவப்பு கீழே சரிந்து கிடக்கிறது: ஆண்டவர் முதல் முறை விழுகிறார். ஆறாவதில் வெள்ளை: வெரோணிக்காளின் துணி. பன்னிரண்டாவதில் கறுப்பைச் சுற்றிச் சாம்பல்: மரணம். பொருந்துகிறது.

நான்காவதுதான் நான் அதிக நேரம் நிற்கிற இடம். ஆண்டவர் தம் தாயைச் சந்திக்கிறார். அந்தத் தூண் முழுக்க நீலம், மாதாவின் போர்வை. நீலத்துக்குள் ஓர் இடத்தில் உள்ளங்கை அளவு மஞ்சள். அது யார் என்று நான் எழுதத் தேவையில்லை.

கோட்டைச் சாணால் அளந்தேன். மூன்று சாண். முதல் சாண் முடிகிற இடத்தில் கோடு கொஞ்சம் இறங்கி ஏறுகிறது. எல்லாத் தூணிலும் அப்படியே. மரத்தின் கணு என்று எடுத்துக்கொண்டேன். அல்லது தோளில் அழுந்திய இடம்.

போன நவம்பரில் அவளுக்கு டெங்கு என்று தணிகாசலம் போன் செய்தபோது, சகாய மாதாவுக்கு ஒன்பது நாள் நவநாள் தொடங்கினேன். முடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று இருந்தேன். பாதியில் விட்டால் பலிக்காது என்பார்கள். ஆறாம் நாள் போன் வந்தது.

1 மார்ச், வெள்ளி

கோயில் ஆபீசில் ஃபாதர் இஞ்ஞாசியைப் பார்த்தேன். புதிதாக வந்தவர். தூத்துக்குடிப் பக்கம்.

எங்கள் பங்கில் வீட்டுக்கு ஒரு குடும்ப அட்டை உண்டு. ஆளுக்கு ஒரு வரி: பெயர், ஞானஸ்நானம், புதுநன்மை, உறுதிபூசுதல். இறந்தவர் பெயருக்கு முன்னால் சின்னச் சிலுவை போடுவார்கள். மாதத்தின் முதல் திங்கள் பூசையில் சிலுவை போட்ட பெயர்களைப் படிப்பார்கள். என் கணவர் மரியசூசையின் பெயரைப் பதினெட்டு வருஷமாகப் படிக்கிறார்கள். பெனிட்டாவின் பெயரைப் படிப்பதில்லை. எங்கள் அட்டையில் அந்த வரி அடித்திருக்கிறது. அடித்த பெயர் உயிரோடு இருப்பவர் கணக்கிலும் இல்லை, இறந்தவர் கணக்கிலும் இல்லை.

அதை மாற்றவேண்டும் என்று சொன்னேன்.

“அதுக்கென்னம்மா, ஈஸ்டருக்குப் புது அட்டை கொடுக்கோம். அதுல எழுதிக்கிடலாம்,” என்றார் ஃபாதர். அட்டையைக் கையில் வாங்கிப் பார்த்தார். “யாரு இதை அடிச்சது?”

“மழை வரும்போல இருக்கு ஃபாதர்,” என்றேன்.

ஃபாதர் ஜன்னலைப் பார்த்தார். வெயில் கொளுத்திக்கொண்டிருந்தது.

நான் தூண்களைப் பற்றிச் சொன்னேன். “அவ விசுவாசத்த விடல ஃபாதர். பதினாலு ஸ்தலமும் செஞ்சிருக்கா. நீங்க வந்து சாட்சிக்குப் பாக்கணும்.”

“சாட்சி நான் கேக்கலியே, பிரகாசி அம்மா.”

“எனக்கு வேணும் ஃபாதர்.”

ரசீது இல்லாமல் நான் ஒரு வரவும் எழுதியது கிடையாது. அவள் திரும்பி வந்துவிட்டாள் என்பதற்கு ஒரு ரசீது இருந்தால், அடித்த பெயரைத் திரும்ப எழுதலாம். அடித்ததும் தப்பில்லை, எழுதுவதும் தப்பில்லை என்று ஆகிவிடும்.

குருத்து ஞாயிறு கழித்து வருகிறேன் என்றார்.

5 மார்ச், செவ்வாய்

பதினான்காவது தூண் பிடிபடவில்லை.

8 மார்ச், வெள்ளி

பதினான்காம் ஸ்தலம் என்றால் கல்லறை. இருட்டு இருக்கவேண்டும். அந்தத் தூணில் மாம்பழ மஞ்சளும் கிளிப்பச்சையும் போட்டு அடித்திருக்கிறாள். கல்யாண வீடுபோல் இருக்கிறது. உயிர்ப்பைச் சொல்கிறாள் என்று வைத்துக்கொண்டாலும், அதற்கு முன் கல்லறை எங்கே?

சுகுணாவிடம், “இது உனக்கு என்னவாகத் தெரிகிறது?” என்று கேட்டேன்.

“எனக்கா? பீச்சுல பலூன் சுடுவாங்களே, அந்தப் பலவை மாதிரி தெரியுது. தப்பா நென்ச்சுக்காத.” காலை மாற்றி வைத்து நின்றாள். “ஆனா ஒண்ணும்மா. காலு வலிக்கசொல்ல இந்த மஞ்சா தூண்கிட்டதான் வந்து நிப்பேன். ஏன்னு தெரியல.”

13 மார்ச், புதன்

அடுக்களைக் குழாய் ஒழுகுகிறது. வாளி வைத்திருக்கிறேன்.

தணிகாசலத்துக்கு நானே போன் செய்தேன். இதுவரை நானாகச் செய்ததில்லை. ஃபாதர் வருவதற்கு முன் ஒவ்வொரு தூணும் எந்த ஸ்தலம் என்று பெனிட்டா எழுதி வைத்த தாள் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவருக்குப் புரியவில்லை. சனிக்கிழமை நேரில் வருகிறேன் என்றார்.

16 மார்ச், சனி

தணிகாசலம் சொன்ன நேரத்துக்கு முன்னதாகவே வந்து நின்றுகொண்டிருந்தார். நான் முதல் தூணிலிருந்து சொல்லிக்கொண்டு போனேன். இது தீர்ப்பு, இது சிலுவை சுமத்துவது, இது விழுவது. குறுக்கே பேசாமல் கேட்டுக்கொண்டு வந்தார். பதினான்காவதில் நான் நின்றதும் தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

“அத்தை, தூண் பதினாலு இல்ல. பதினாறு.”

கூடத்தின் கோடியில் பலகை அடைத்திருக்கிறது. அந்தப் பக்க வாசல் இன்னும் திறக்கவில்லை. அவர் அங்கே வேலை செய்பவர். சுகுணாவிடம் சொல்லிவிட்டு ஒரு பலகையை நகர்த்தி என்னை உள்ளே அழைத்துப்போனார். சிமென்ட் வாசனை. இரண்டு தூண்கள்.

“அவ எதையும் நெனச்சு இதுன்னு செய்யல அத்தை. இன்னா இதுன்னு நானே கேட்டிருக்கேன். ‘கலருடா, பாரு, அவ்ளோதான்’ம்பா. சிலுவைப்பாதை அது இதுன்னு எங்கிட்ட ஒரு நாளும் சொன்னதில்ல. உங்ககிட்ட பொய் சொல்லக் கூடாது.”

“அப்போ இந்தக் கறுப்புக் கோடு?”

“அது வேற. அதுல மட்டும் அவ யாரையும் கை வைக்க விட மாட்டா. நான் இருவது வருஷமா டைல்ஸ் ஒட்றவன். நூல் கட்டி நேரா போட்றேன்னேன். வேணாம், இந்த எடத்துல இப்படி லேசா எறங்கி ஏறணும்னு ஒரு அட்டைய வெட்டி வெச்சிருந்தா. அந்த அட்டைய வெச்சு எல்லாத் தூண்லயும் அவளேதான் பதிச்சா. வீட்டுக் கோடுன்னு சொல்லுவா. இது இல்லன்னா மத்த கல்லுங்கல்லாம் செதறிப் போயிடும்பா.”

பதினாறாவது தூணில் சுற்றிலும் கல் பதித்து முடிந்திருந்தது. நடுவில் கோடு இருக்கவேண்டிய இடத்தில் கல் இல்லை. விரல் நுழைகிற அகலத்துக்கு வெறும் சிமென்ட்டுத் தடம்.

“காய்ச்சல் வந்தப்போ இதுலதான் இருந்தா. மிச்சத்த நாங்க முடிச்சோம். இத தொடல.”

தடத்தில் விரல் வைத்துப் பார்த்தேன். மூன்று சாண்.

கோட்டைப் பற்றி எனக்குத் தோன்றுவதை நாளைக்கு எழுதுகிறேன்.

17 மார்ச், ஞாயிறு

பூசை. மதியம் புளிக்குழம்பு.

18 மார்ச், திங்கள்

ஸ்டேஷனுக்குப் போகவில்லை. குழாய்க்காரர் வந்து வாஷர் மாற்றினார்.

20 மார்ச், புதன்

சாம்பல் புதனன்று கோடு போட்ட பக்கங்கள் நாற்பது நாள் ஆவதற்கு முன்பே தீர்ந்துவிட்டன. ஸ்தலங்களைப் பற்றி அதிகம் எழுதியதால். ஸ்கேலை எடுத்து வைத்துக் கோடு போட்டேன். பேனா இரண்டாவது அங்குலத்தில் இறங்கி ஏறியது.

அடுத்த கோடு. இறங்கி ஏறியது.

மூன்றாவது கோடு போடவில்லை. பழைய நோட்டுகளைப் பரணிலிருந்து இறக்கிப் பார்த்தேன். ஒவ்வொன்றாக. எல்லாவற்றிலும் இருக்கிறது. அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. துடைத்தேன்.

அவள் வெட்டி வைத்திருந்தது எந்த அட்டையைப் பார்த்து என்று எனக்குத் தெரியும்.

22 மார்ச், வெள்ளி

எழுதிவிடுகிறேன்.

நாலு வருஷத்துக்கு முன், பெனிட்டா வந்து கல்யாணச் சேதி சொல்லிவிட்டுப் போன மறுநாள், குடும்ப அட்டையை மேசைமேல் வைத்து, ஸ்கேல் வைத்து, அவள் வரியை நான் அடித்தேன். யாரும் அடிக்கச் சொல்லவில்லை. அப்போதிருந்த ஃபாதருக்குத் தெரியாது. பெயரில் தொடங்கி உறுதிபூசுதல் தேதிவரை ஆறு அங்குலம். கோணலாகப் போய்விடக்கூடாது என்பதில்தான் என் கவனம் இருந்தது.

அடுத்த மாதம் அவள் தன் சான்றிதழ்களைக் கேட்டு எழுதினாள். எல்லாவற்றையும் வருஷவாரியாக அடுக்கினேன். எல்லாவற்றுக்கும் மேலே அந்த அட்டையின் ஜெராக்ஸ் ஒன்றை வைத்து அனுப்பினேன். கடிதம் வைக்கவில்லை. கோடே போதும் என்று நினைத்தேன்.

உறையைப் பிரித்ததும் அவளுக்குத் தெரிந்திருக்கும், இது கோயில் ஆபீசில் யாரோ அடித்தது இல்லை என்று. பள்ளம் அவள் செதுக்கியது.

அந்தக் கோட்டின் முன்னால்தான் நான் ஒரு மாதமாக முழந்தாளிட்டிருக்கிறேன்.

23 மார்ச், சனி

பாவசங்கீர்த்தனம். முப்பது வருஷமாக வாராவாரம் செய்கிறேன், இதை ஒரு தடவையும் சொன்னதில்லை. பாவம் என்று தோன்றினால்தானே சொல்வதற்கு.

ஃபாதர், “அந்தத் தூணுகளை நான் வந்து பாக்கணுமாம்மா?” என்று மட்டும் கேட்டார்.

“வேண்டாம் ஃபாதர்.”

24 மார்ச், குருத்து ஞாயிறு

போன வருஷத்துக் குருத்தோலையை எடுத்துவிட்டுப் புதிது செருகினேன்.

26 மார்ச், செவ்வாய்

காலையில் தணிகாசலம் போன் செய்தார். திங்கட்கிழமை அந்தப் பக்க வாசலைத் திறக்கிறார்களாம். வேலை பார்க்கும் இன்ஜினியர் அந்தத் தடத்தில் ஏதாவது ஒரு கல்லை ஒட்டி மூடு என்கிறாராம்.

“எனக்கு கை வர மாட்டேங்குது அத்தை. நீங்க ஒரு தபா வந்தீங்கன்னா…”

போனேன். பலகைக்குப் பின்னால் ஒரு பழைய பிஸ்கட் டின்னைத் திறந்து காட்டினார். பெனிட்டா வெட்டி வைத்த கறுப்புக் கல். ஒரே அளவு. பக்கத்தில் அவள் வெட்டிய அட்டை. நான் கொண்டுபோயிருந்த ஸ்கேலைப் பையிலிருந்து எடுத்து அந்த அட்டைமேல் வைத்தேன். அட்டை மூன்று சாண், ஸ்கேல் ஒரு அடி. அளவு பொருந்தாது. வளைவு பொருந்தியது.

“இந்தக் கோடு நான் போட்டது,” என்றேன்.

தணிகாசலம் சிமென்ட்டைக் குழைத்துக்கொண்டே இருந்தார். “தெரியும் அத்தை.”

“சொன்னாளா?”

“கல்யாணம் ஆன புதுசுல ஒரு கவர் வந்துதில்ல. அன்னைக்கு முழுக்க சாப்பிடல. ராவுல எங்கிட்ட காட்டி, ‘எங்கம்மா எவ்ளோ நேரா போட்டிருக்காங்க பாரு’ன்னா. அழுவுறாளா சிரிக்கிறாளான்னு எனக்குத் தெரியல. அந்த ஜெராக்ஸ பர்ஸ்லயே வெச்சிருந்தா. கடைசி வரிக்கும்.”

“என்மேல் கோபமாகத்தானே இருந்தாள்?”

உடனே இல்லை என்று சொல்லிவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சொல்லவில்லை.

“இருந்தா அத்தை. ரொம்பவே. ஆனா உங்க போன் நம்பர அவ போன்ல மொதல்ல வர்ற மாதிரி வெச்சிருந்தா. ரெண்டும் உண்மதான்.”

கரணையை என்னிடம் நீட்டினார். “நீங்களே வைங்க. நான் சொல்லித் தரேன்.”

தடத்தில் சிமென்ட்டைப் பூசிக் கொடுத்தார். நான் ஒவ்வொரு கல்லாக வைத்து அழுத்தினேன். மூன்றாவது கல் கோணலாகிவிட்டது. எடுத்துத் திரும்ப வைத்தேன். பதினேழாவது கல்லுக்கு அப்புறம் இறங்கவேண்டும்.

“எறக்கலாமா, நேரா போலாமா?” என்று கேட்டார்.

“அவள் எப்படிப் போட்டாளோ அப்படி.”

இறக்கினேன். ஏற்றினேன். ஐம்பத்திரண்டு கல். முடிந்ததும் ஈர ஸ்பாஞ்சால் துடைக்கச் சொன்னார். துடைத்தேன். கறுப்பு ஈரத்தில் மின்னியது. சுற்றி என்ன நிறம் என்று அப்போதுதான் பார்த்தேன். கரும்பச்சை, செங்கல், மேலே போகப்போக வெளுத்த ரோஸ். என்னவென்று தெரியவில்லை. நன்றாக இருந்தது.

“மருமகனே, ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டுக்குச் சாப்பிட வாங்க,” என்றேன்.

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டு டின்னை மூடினார்.

29 மார்ச், பெரிய வெள்ளி

கோயிலில் சிலுவைப்பாதை. நான்காம் ஸ்தலத்தில் எழுந்திருக்க முடியவில்லை. பக்கத்தில் இருந்தவர்கள் தூக்கிவிட்டார்கள். மூட்டுவலி என்று சொன்னேன்.

31 மார்ச், ஞாயிறு. ஈஸ்டர்

பூசைக்குப் பிறகு ஆபீசில் புது அட்டை வாங்கினேன். ஃபாதர் எழுத வந்தார். நான் எழுதுகிறேன் என்றேன். என் கணவர் பெயர், முன்னால் சிலுவை. அடுத்து பெனிட்டா. முன்னால் சிலுவை போட்டபோதுதான் அவள் இறந்துவிட்டாள் என்று எனக்கு முழுதாகத் தெரிந்தது. அடித்த வரியில் நான் அதற்கு இடமே வைத்திருக்கவில்லை. மூன்றாவது வரி நான். மற்ற வரிகள் காலி.

ஸ்கேல் பையில்தான் இருந்தது. எடுக்கவில்லை. பெயர் மேலே ஏறி ஏறிப் போய்விட்டது.

பழைய அட்டையை என்ன செய்ய என்று ஃபாதர் கேட்டார். என்னிடமே இருக்கட்டும் என்று வாங்கிக்கொண்டேன்.

மதியம் மருமகன் வந்தார். கோழிக் குழம்பு, சோறு, அப்பளம். கை கழுவிவிட்டு அடுக்களைச் சுவரில் பெயர்ந்திருந்த ஒரு டைல்ஸைத் தட்டிப் பார்த்தார். அடுத்த வாரம் வந்து ஒட்டித் தருகிறேன் என்றார். பத்திரிகையின் உறையை அவர் முன்னால் பிரித்தேன். உள்ளே அச்சடித்த அழைப்பு மட்டும்தான். ஓரத்தில் பென்சிலால், ‘அம்மா, படிக்கட்டு பக்கமா வா. எஸ்கலேட்டர் உனக்குப் பயம்’ என்று எழுதியிருந்தாள்.

1 ஏப்ரல், திங்கள்

முதல் திங்கள் பூசை. ஃபாதர் பெயர்களைப் படித்தார். மரியசூசை. பெனிட்டா. அடுத்த வீட்டாரின் பெயருக்குப் போய்விட்டார். ஒரு மூச்சு நேரம்கூட இல்லை. அதற்காகத்தான் நாற்பது நாள் நடந்தேன்.

பதினொரு மணிக்கு ஸ்டேஷனுக்குப் போனேன். பலகை எடுத்துவிட்டார்கள். வெளிச்சம் படிவழியாக உள்ளே வருகிறது. சுகுணா, “இன்னாம்மா, இன்னிக்கி குனியல?” என்றாள். இல்லை என்றேன். பதினாறு தூணையும் சும்மா சுற்றிப் பார்த்தேன். நான்காவதில் நீலம் நீலமாக இருந்தது.

பதினாறாவது தூணில் ஒரு பெண் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டிருந்தாள். ஆஸ்பத்திரிப் பையும் ஃபிளாஸ்க்கும் கையில். கண்ணை மூடியிருந்தாள். அவள் தோளுக்குப் பின்னால் என் கோடு. அவள் போகும்வரை காத்திருக்கலாம் என்று நினைத்தேன். பிறகு, இருக்கட்டும் என்று வந்துவிட்டேன்.

நோட்டில் இந்தப் பக்கத்துக்குக் கோடு போடவில்லை.